ஞாயிறு போட்டோ வகுப்பு: பிலிமில் தொடங்குவதா, போனில் தொடங்குவதா?

இருட்டறை (யாங்கோன்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பேட்டைக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். என் கழுத்தில் தொங்கும் பழைய காமிராதான் காரணம். மொத்தம் பன்னிரண்டு பேர், பத்து வயது முதல் பதினாறு வரை. "சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்), எங்களுக்கும் சொல்லித் தாங்க" என்று போன வருஷமே கேட்டார்கள். இந்த வருஷம் நிர்வாகத்தார் மண்டபத்தை இரண்டு மணி நேரம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். இனி நான்தான் தயாராக வேண்டும்.

1971-ல், பதின்மூன்று வயதில், ரங்கூன் என்று அப்போது சொன்ன இந்த யாங்கோன் நடுநகரில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் வேலை ஐஸ் வாங்கி வருவது. சித்திரை மாதம் எங்கள் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். பிலிமில் படத்தை வரவழைக்கிற கரைசலான டெவலப்பருக்கு வேண்டியது 20. மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து பெரிய பேசினில் உடைத்துப் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாத்திரத்தை இறக்கி, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கரைசலுக்குள் ஐஸ் போட்டால் நீர்த்துப் போகும். 20 டிகிரியில் எட்டு நிமிடம் ஆகிற பிலிம் 27-ல் நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் கழுவினால் வானம் திட்டுத் திட்டாக வந்து நிற்கும். இன்னும் சூடானால் ஜெலட்டின் இளகி, விரல் பட்டாலே வழித்துக்கொண்டு வரும்.

அப்படி ஒரு நாள் என் விரல் பட்டு ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தோள் போயிற்று. முதலாளி அடிக்கவில்லை. நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இவங்க வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார். போய்ச் சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மா ஒன்றும் பேசாமல் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு இந்த ஐம்பது வருஷத்தில் ஒரு பிலிமைக்கூட ஓரம் தவிர வேறெங்கும் தொட்டதில்லை.

ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1964-ல் எனக்கு ஆறு வயது. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரியப்பா குடும்பம் கப்பலேறி மதராஸ் போனது. எங்கள் அப்பா போகவில்லை. வீட்டில் இருந்தது அப்பத்தாவின் படம் ஒன்றே ஒன்று. மூத்த மகன் என்பதால் அதைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு போனார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பத்தாவின் முகம் எனக்கு வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. காது வளர்த்திருந்தார் என்பது ஞாபகம் இருக்கிறது, கண் ஞாபகம் இல்லை. அந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் ஸ்டுடியோ வாசலில் போய் நின்றேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு பிலிம் காமிராவும், ஓடுகிற நிலையில், நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற ஒரு என்லார்ஜரும் உள்ளன. பிலிம் விலையோ வாய் திறக்க முடியாத அளவில் இருக்கிறது. பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. எதில் தொடங்கட்டும்?

தட்டோன் டீச்சர்

ஐயா, போனில் தொடங்குங்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

2014-க்கு முன்னால் ஒரு சிம் கார்டு வாங்குவது நம் சனங்களுக்கு எட்டாத காரியம். அந்த வருஷம் 1,500 கியாட்டுக்கு சிம் வந்தது, கூடவே போனும் வந்தது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் முதல் காமிரா என்பதே அந்தப் போன்தான். அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுத்தால், வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளை எதை வைத்துப் பழகும்?

ஆனால் ஒரு குறையும் சொல்கிறேன். நானும் இங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பொங்கலுக்குப் பிள்ளைகளைப் படம் எடுத்துவரச் சொன்னேன். ஒரு பையன் முந்நூறு படம் கொண்டு வந்தான். இதில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். தள்ளிக்கொண்டே போனான், நிறுத்தவே தெரியவில்லை. எடுத்தவை எதையும் அவன் திரும்பப் பார்த்ததே இல்லை. இதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மோல்மேன் மழை

டீச்சர் சொன்ன குறைக்கு வழி பிலிம்தான். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம், அவ்வளவே. ஒவ்வொன்றுக்கும் கை யோசிக்கும். நான் பழகியது அப்படித்தான், இன்றைக்கும் ஒரு படத்துக்கு இரண்டாவது தடவை விரல் அழுத்தினால் மனசு உறுத்தும்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிலிப் கிளியர் என்ற ஜெர்மானியர் 1870-களில் இங்கே மோல்மேனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகுதான் ரங்கூன் போனார். அந்தக் காலத்துப் பர்மாவை உலகம் பார்த்ததில் பெரும்பங்கு அவர் எடுத்த படங்கள் வழியாகத்தான்.

இன்னொன்று, இருட்டறை அண்ணே. மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் லென்ஸ்களைப் பாருங்கள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆனியில் அலமாரிக்குள் வைத்த லென்ஸ் ஐப்பசியில் எடுத்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். தோல் உறையில் வைக்காதீர்கள், தோலே ஈரத்தை இழுக்கும். அரிசிப் பானைக்குள்ளும் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். இறுக்க மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, வாரம் ஒரு தடவை எடுத்துப் புழங்குவது. பூஞ்சைக்கு இருட்டும் அசையாத ஈரக்காற்றும் வேண்டும், அதைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இருட்டறை (யாங்கோன்)

தம்பி, டப்பா இன்றைக்கே வாங்கிவிட்டேன். ஒரு லென்ஸில் ஓரத்தில் லேசாகப் பிடித்திருந்தது, நீங்கள் சொல்லியிராவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் போனானாலும் பிலிமானாலும், நம் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக நான் சொல்லித் தர நினைப்பது வேறொன்று. நம் முகத்தை எப்படி எடுப்பது என்பது.

காமிராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு முகம் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். விழுகிற வெளிச்சத்தில் நூற்றில் 18 பங்கைத் திருப்பித் தருகிற சாம்பல் அது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம் ஆத்தாவை நிறுத்தினால் சுவரைச் சாம்பலாக்குகிறேன் என்று முகத்தைக் கரியாக்கிவிடும். இருட்டு வாசலுக்கு முன்னால் நிறுத்தினால் முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஸ்டுடியோக்களில் இதற்கு வழி என்ன செய்தார்கள் தெரியுமா? பவுடர் பூசச் சொன்னார்கள், நெகடிவில் பென்சில் வைத்துத் தேய்த்தார்கள். எல்லாரும் ஒரே வெளுப்பில் வந்தார்கள். நானும் பென்சில் பிடித்திருக்கிறேன். எத்தனை பேருடைய சொந்த நிறத்தை அழித்தேன் என்று நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு நடத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் தனக்கா, மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற சாந்து. கருத்த முகம், கன்னத்தில் இரண்டு வட்டம் வெளிர்மஞ்சள். உச்சி வெயிலில் எடுத்தால் கன்னம் எரிந்து வெள்ளையாகிவிடும், கண்குழி இருட்டாகிவிடும், நடுவில் உள்ள தோல் எங்கே போயிற்று என்றே தெரியாது. தனக்காவைக் கழுவச் சொல்லக் கூடாது. ஆளைத்தான் நகர்த்த வேண்டும். வாசற்படிக்கு உள்ளே இரண்டு அடி தள்ளி, முகம் தெருவைப் பார்க்க உட்காரவையுங்கள். வானத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும், வெயில் விழாது. அப்போது தனக்காவில் தூரிகை இழுத்த கோடுகூடத் தெரியும், அதன் பக்கத்தில் தோல் தன் நிறத்தில் பளபளக்கும்.

அளவுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. உள்ளங்கையை அந்த முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அதை அளந்துகொள்ளுங்கள். நம் உள்ளங்கை அந்தச் சாம்பலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சம், அதனால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுங்கள். போனில் என்றால் கன்னத்தைத் தொடாமல், நெற்றியைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இழுத்துப் பாருங்கள். தனக்காவின் கோடு மறையாமலும் தோல் இருண்டுவிடாமலும் இருக்கிற ஒரு இடம் கிடைக்கும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

பெகு அக்கா

அண்ணே, படித்துவிட்டு உடனே என் மகளை வாசலுக்கு உள்ளே உட்காரவைத்து எடுத்தேன். பத்து வருஷமாக இவளைப் படம் எடுக்கிறேன். இவள் முகத்தில் இத்தனை நிறம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி என் கவலையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். எடுத்த படம் யார் போனுக்குப் போகிறது, பேஸ்புக்கில் யார் போடுகிறார்கள் என்று யாராவது பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவில் பால்குடம் எடுத்துவந்த ஒரு பெண், அருள் வந்து தலைமுடி அவிழ்ந்து ஆடிய படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் கோயிலுக்கே வரவில்லை. எடுத்தவன் கெட்டவன் இல்லை, நல்ல படம் என்றுதான் போட்டான்.

அப்புறம், 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தெருவில் காமிராவைத் தூக்குவது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது பார்த்து அனுப்புங்கள்.

இருட்டறை (யாங்கோன்)

கோபம் எதற்கு, தங்கச்சி? இதை நான் யோசிக்காமல் இருந்ததுதான் தவறு.

இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று மாதம் தெருவே கிடையாது. வீடு, வாசல், மண்டபம், கோயில் பிராகாரம், அவ்வளவுதான். யாரை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டும், எடுத்ததும் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழிக்க வேண்டும். அருள் வந்து ஆடுகிறவரிடம் கேட்க முடியாது, ஆகவே எடுக்கக் கூடாது. வகுப்பில் எடுத்த எதுவும் இணையத்தில் போகாது. அதற்குப் பதில் பிரிண்ட் போடுவோம். எடுக்கப்பட்டவர் கையில் ஒரு பிரிண்ட் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு அந்தப் படம் முடிந்ததாகக் கணக்கு.

கப்பல் பேரன் (சென்னை)

ஐயா, நான் பர்மாவைப் பார்த்ததில்லை. தாத்தா 1965-ல் கப்பலில் வந்தவர். உங்கள் அப்பத்தா படத்தைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம்தான் அங்கிருந்து வந்தது. தாத்தாவும் பாட்டியும் நிற்கிறார்கள். பின்னால் திரையில் வரைந்த பகோடா, தூண், படிக்கட்டு. பாட்டி கையில் ஒரு பூ, தாத்தா காலில் பூட்ஸ். அவரிடம் பூட்ஸே இருந்ததில்லை, ஸ்டுடியோவில் கொடுத்தது என்று பாட்டி சொல்வார். அட்டையின் பின்னால் ரங்கூன் என்ற முத்திரை பாதி அழிந்து கிடக்கிறது. ஓரங்களில் வெள்ளி மாதிரி மின்னத் தொடங்கியிருக்கிறது, நடுவில் மஞ்சள் பூக்கிறது. இதை எப்படிக் காப்பாற்றுவது?

இருட்டறை (யாங்கோன்)

தம்பி, அந்தப் பூட்ஸ் எல்லா ஸ்டுடியோவிலும் இருந்தது. எங்களிடம் ஒரே ஜோடி, யார் காலுக்கும் சேரும் அளவில் பெரியதாக வாங்கி வைத்திருந்தார் முதலாளி. முன்பக்கம் துணி அடைத்துக் கொடுப்பேன்.

மின்னுவது வெள்ளியேதான். ஈரத்திலும் கெட்ட காற்றிலும் படத்தில் இருக்கிற வெள்ளி மேலே ஏறி வருகிறது. மஞ்சள் பெரும்பாலும் ஹைப்போ, அதாவது படத்தை நிலைக்கவைக்கிற கரைசல், சரியாகக் கழுவப்படாததால் வருவது. அந்த நாளில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் கழுவுவதைத்தான் குறைப்பார்கள். நானே அவசரத்தில் குறைத்திருக்கிறேன். இனி நீங்கள் தண்ணீரில் எதுவும் செய்யாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முதலில் நல்ல ஸ்கேன் ஒன்று எடுங்கள், 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) குறையாமல், பின்பக்கத்து முத்திரையையும் சேர்த்து. பிறகு அமிலம் இல்லாத தாள் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். சுவரில் மாட்டுவதற்கு ஸ்கேனிலிருந்து ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாட்டி இருக்கிறார் என்றால் இன்றைக்கே கேட்டு, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், வருஷம் எல்லாவற்றையும் உறையின் மேல் பென்சிலில் எழுதுங்கள். படத்தை உறைக்குள் வைப்பதற்கு முன்னால் எழுதுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் படத்தில் விழும்.

அமரபுரா வெயில் (மண்டலை)

தாமதமாக வருகிறேன், கரண்ட் இருந்தால்தான் எழுத முடிகிறது.

வகுப்பில் பழைய படங்களைக் காட்டப் போகிறீர்கள் என்றால் லின்னேயஸ் டிரைப்பை விடாதீர்கள். மதராஸ் பட்டாளத்து அதிகாரி. 1855-ல் கல்கத்தாவிலிருந்து பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழு வந்தபோது படம் எடுக்கக் கூடவே அனுப்பப்பட்டவர். மண்டலை நகரமே அப்போது இல்லை, தலைநகரம் எங்கள் அமரபுராதான். காகித நெகடிவில் எடுத்தார். அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து தொகுப்பாக்கினார். அமரபுராவில் மரப்பாலத்தின் வடக்கு முனைக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலை ஒன்று அதில் உண்டு. நான் அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை நடந்தவன், அந்தப் படத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

நமக்கு இதில் உள்ள உறவு என்ன என்றால், அதே மனிதர் அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் மதராஸ் மாகாணத்தின் போட்டோகிராபராகி, 1858-ல் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போனார். மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். நம் முன்னோர் புறப்பட்ட ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே ஆளின் காமிராவில் இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் ஐயா.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு விழுந்தது. என் தம்பி மகள் போனில் சும்மா எடுத்து வைத்திருந்த வாசற்படங்களைத்தான் இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதில் ஒன்றில் ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அந்தத் திண்ணையும் இல்லை, அவரும் இல்லை.

தட்டோன் டீச்சர்

அண்ணா, மனசு கனத்துவிட்டது. அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

ஐயா, முந்நூறு படம் எடுக்கிற பையனுக்கு என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லையே?

இருட்டறை (யாங்கோன்)

டீச்சர், முதல் வகுப்பு நேற்று நடந்தது, அதனால் இப்போது சொல்ல முடியும்.

போனிலும் தொடங்கவில்லை, பிலிமிலும் தொடங்கவில்லை. மண்டபத்து மேற்கு ஜன்னல் தெருவைப் பார்த்தது. காலை எட்டரைக்கு எதிர்வரிசை வீடுகள் மேல் முழு வெயில் விழும். ஜன்னல்களை எல்லாம் அட்டையாலும் கறுப்புத் துணியாலும் அடைத்து, மேற்கு ஜன்னல் அட்டையில் மட்டும் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஒரு துளை போட்டேன். உள்ளே எட்டு அடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டினேன். பிள்ளைகளை வேட்டிக்குப் பின்னால், ஜன்னலைப் பார்க்க உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பத்து நிமிடம் ஆகும், பேசாமல் இருங்கள் என்றேன். ஆறாவது நிமிடத்தில் சின்னவன் ஒருவன் "மஞ்சள்" என்றான். எதிர்வீட்டுச் சுவர் அது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தலைகீழாக ஒரு மாடி, கொடியில் காயும் லுங்கிகள், கீழே நீல வானம். ஒரு சைக்கார் (பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) வேட்டியின் மேல்விளிம்பில் சக்கரம் மேலாக உருண்டு போனது. குடை பிடித்த ஒரு அம்மா வலமிருந்து இடமாகப் போக, வெளியே இடமிருந்து வலம்தானே போவார் என்று ஒரு பெண் எழுந்து போய்த் துளையில் கண் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்றாள். அவள் கண் வைத்ததும் படம் அணைந்து போனது. எல்லாரும் கத்தினார்கள். வேட்டியைத் துளைக்குக் கிட்டே கொண்டு போனால் படம் சின்னதாகி வெளிச்சம் கூடுவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை.

ஒரு மணி நேரம் யாரும் போனைத் தொடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் பெரிதாக ஒன்றும் நடக்கவும் இல்லை.

முந்நூறு படத்துக்கு வழி இது: அடுத்த ஞாயிறு வரை ஆளுக்குப் பன்னிரண்டு படம், போனில். அழிக்கவும் கூடாது, பதின்மூன்றாவது எடுக்கவும் கூடாது. வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரை மட்டும் எடுக்க வேண்டும், வாசலுக்கு உள்ளே உட்காரவைத்து. அவர் பெயர், பிறந்த ஊர், எந்த வருஷத்து ஞாபகம் இருக்கிறது என்பதைக் கேட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று தமிழில் மூன்று வரி எழுத வேண்டும். அந்த ஒன்றை நான் பிரிண்ட் போட்டுத் தருகிறேன். பிலிம் மழை விட்ட பிறகு, எல்லாருக்குமாக ஒரே ஒரு ரோல், தலைக்கு மூன்று படம். மோல்மேன் தம்பி, கழுவுகிற அன்றைக்கு நீங்கள் வர வேண்டும்.

வகுப்பு முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது அந்தச் சின்னவன் மட்டும் போகாமல் நின்றான். "சயா, இப்பவும் அந்தப் படம் விழுந்துகிட்டுத்தான் இருக்கா, வேட்டி இல்லாட்டியும்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கையை நீட்டித் துளைக்கு நேராகப் பிடித்தான். அவன் உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல்.

மோல்மேன் மழை

வருகிறேன் அண்ணே. தெர்மாமீட்டர் நான் கொண்டு வருகிறேன், ஐஸ் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.